சாவி காய்த்த வயல்

என் வயலில் சாவி காய்த்த வருஷத்தைப் பற்றிச் சாத்தம்பள்ளத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். எல்லாக் கதையிலும் கடைசியில் கெட்டவன் பக்கிரிசாமியாகத்தான் இருப்பான். பக்கிரிசாமி நான்தான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

சாத்தம்பள்ளம் பெயருக்கேற்ற பள்ளம். மேற்கே எந்த ஊரில் மழை பெய்தாலும் அந்தத் தண்ணீர் எங்கள் ஊருக்கு வந்துதான் கடலுக்கு வழி கேட்கும். எங்கள் ஊருக்கு வந்த தண்ணீர் உத்திராபதியின் வயலுக்கு வரும். உத்திராபதி வரப்பை வெட்டிவிடுவான், அது என் வயலுக்கு வரும். என் வயலுக்குக் கீழே வேறு வயல் கிடையாது, கோரை வடிகால்தான் இருக்கிறது, வடிகாலின் வாயில் இரும்பு ஷட்டர் இருக்கிறது, ஷட்டரில் சங்கிலி இருக்கிறது, சங்கிலியில் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு இருக்கிறது. அந்தப் பூட்டுக்குச் சாவி இல்லை.

உத்திராபதி என் பெரியப்பா மகன். நானும் அவனும் ஒரே ஐப்பசியில், ஒரே அடைமழையில், ஒரே மருத்துவச்சியின் கையில் பிறந்தவர்கள். முதலில் வந்தவன் நான். இல்லை, அவன்தான் முதலில் என்று அவன் வீட்டில் சொல்வார்கள். மருத்துவச்சியைக் கேட்டால் அன்றைக்கு யார் வீட்டில் சாப்பிட்டாளோ அந்த வீட்டுப் பிள்ளைதான் மூத்தவன் என்பாள். அப்படியே இரண்டு வீட்டிலும் மாறி மாறிச் சாப்பிட்டுவிட்டு, யாருக்கும் தீர்ப்புச் சொல்லாமல் போய்ச் சேர்ந்தாள். அதனால் நான் அவனை அண்ணன் என்று கூப்பிட்டதில்லை, அவனும் என்னைக் கூப்பிட்டதில்லை, இத்தனை வயதுக்கு அப்புறமும் ஒருவரை ஒருவர் ‘இந்தா’ என்றும் ‘யாரது’ என்றுமே அழைத்து வருகிறோம்.

பாகம் பிரித்தபோது வாய்ப்பேச்சில் மேல்பாதி அவனுக்கு, கீழ்ப்பாதி எனக்கு என்று ஆனது. பட்டா மட்டும் கூட்டுப் பட்டா. அதில் முதல் பெயர் அவனுடையது, மூத்தவனாம். பெரும்புயல் அடித்த வருஷம் என் தென்னைகள் வேரோடு சாய்ந்தன, நிவாரணம் பட்டாவின் முதல் பெயருக்குப் போனது, அவன் அதை வாங்கி வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டினான். அந்த டைல்ஸில் நான் கால் வைத்ததில்லை. கல்யாணமோ காரியமோ, வாசலில் நின்று விசாரித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். என் தென்னைமரத்தின் மேல் நான் எப்படி நடப்பேன்.

கார்த்திகை மழை வந்தபோது என் வயலில் கதிர் பூப்பூத்து நின்றது. ஷட்டரைத் திறந்திருந்தால் ஒரு பொழுதில் தண்ணீர் வடிந்திருக்கும். ஷட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த லஸ்கர் சந்தானம் பணி ஓய்வு பெற்றபோது, அந்த வேலைக்கு வேறு ஆள் போடாததால், வடிகாலை ஒட்டிய பட்டாவில் மூத்தவர் பொறுப்பில் இருக்கட்டும் என்று சாவியை உத்திராபதி கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். சாவி உள்ளே இருக்கிறது என்றான், பிறகு விஏஓவிடம் கொடுத்தேன் என்றான், பிறகு எங்கேயோ வைத்தேன் என்றான். பூட்டை உடைக்கலாம் என்றால் அது அரசாங்கப் பூட்டு. பக்கத்து ஊரில் அப்படி ஒரு பூட்டை உடைத்தவன் இன்னமும் கோர்ட்டுக்கு நடக்கிறான், அவன் வயலை இப்போது வக்கீல் குத்தகைக்கு விடுகிறார். தண்ணீர் தானாக அலுத்துப்போய் வடிகிறவரை நின்றது. அதற்குள் பூவெல்லாம் கழுவிப் போய்விட்டது.

கதிர் வெளியே வந்தது, ஆனால் தலை சாயவில்லை. தலை சாயாத கதிர் சாவி. எங்கள் பக்கம் மணி பிடிக்காத நெல்லைச் சாவி என்போம். பூட்டுக்குப் போடுவதும் சாவிதான். எது எது என்று பேசுகிற இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வோம், அதுவரை யாரும் பதரைக் கொண்டுபோய்ப் பூட்டில் விட்டதில்லை.

பயிர்ச்சேதம் கணக்கெடுக்க விஏஓ ஞானமூர்த்தியோடு கீர்த்தனா என்று ஒரு விவசாய அதிகாரி வந்தது. திருப்பூர்ப் பக்கத்துப் பெண், வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நன்றாகத்தான் நடந்தது.

“என்னங்கய்யா பாதிப்பு?”

“எல்லாம் சாவிம்மா.”

“சாவிங்களா?”

“சாவிதான். ஒரு மணி கிடையாது. இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி பூரா சாவி.”

அது விஏஓவைத் திரும்பிப் பார்த்தது. ஞானமூர்த்தி கொஞ்சம் தள்ளி நின்று போனில் அவர் வீட்டம்மாவிடம் கேஸ் சிலிண்டரைப் பற்றிச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஒரு மூச்சு யோசித்துவிட்டு, பெரியவர் சொல்கிறாரே என்று, தன் போனில் ‘விளைந்தது: சாவி’ என்று போட்டுக்கொண்டது.

“இன்னொன்னும்மா. பட்டாவுல முதல் பேரு வேற ஆளோடதா இருக்கும். அதை நம்பாதே. இந்த ஒரு தடவையாவது நிவாரணம் என் பேருக்கு வரணும்.”

“உங்க பேர்லயே போட்டர்றேங்க.”

அரசாங்கத்தில் ஏறிவிட்ட சொல் நடந்தே தீரும் என்பதாலா, வேறு எதனாலா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் ஆட்டுக்குப் புல்லறுக்கப் போன என் பெண்சாதி சவுந்தரம் வெறும் கூடையோடு திரும்பி வந்தாள்.

“நெல்லு கிலுகிலுங்குது. வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தேன். சாவி காய்த்திருந்தது. ஒவ்வொரு கதிரிலும் சரம் சரமாக, சைக்கிள் பூட்டுச் சாவி, டிரங்குப் பெட்டிச் சாவி, பீரோச் சாவி, மோட்டார் கொட்டகைச் சாவி, வண்டிச் சாவி, வாசல் கதவுச் சாவி, எந்த வீட்டு உண்டியலுக்கோ விரல்நகம் அளவில் ஒரு சாவி. பித்தளைச் சாவியெல்லாம் கதிர்போல மஞ்சளாகவும் இரும்புச் சாவியெல்லாம் இன்னும் பச்சையாகவும் இருந்தன. எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. இதை அறுத்தால் அரிவாள் என்னத்துக்கு ஆகும்.

விஏஓ வந்து வரப்பில் குந்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“பயிர் போச்சாண்ணே?”

“போச்சு.”

“இப்ப என்ன இருக்கு?”

“சாவி.”

“அப்ப ஏதோ ஒன்னு விளைஞ்சிருக்குல்ல. விளைஞ்சா அது பாதிப்பு இல்லண்ணே.”

“சாவியைத் திங்க முடியுமா?”

“பருத்தியையுந்தான் திங்க முடியாது. அது விளைச்சல் இல்லையா?”

அவர் போகும்போது, ஒரு சாவியை விற்றாலும் அது வருமானம், வருமானம் வந்தால் நிவாரணம் போச்சு, ஜாக்கிரதை என்று சொல்லிவிட்டுப் போனார். கீர்த்தனா போனில் கூப்பிட்டு வருத்தப்பட்டது. “சாவிக்குன்னு ஒரு கட்டமே இல்லைங்கய்யா. ஊரு மொத்தமும் பாதிச்ச ஊருன்னு அறிவிச்சாங்கன்னா, அதுல சேத்தி உங்களையும் ஏத்திரலாமுங்க. உங்க ஒருத்தர் வயலை மட்டும் சாவின்னு தனியா ஏத்த வழியில்லைங்க.” ஊரில் மற்றவர்கள் வயலெல்லாம் மேடு. அங்கே நெல் நன்றாகவே மணி பிடித்திருந்தது. ஊர் பாதிக்கப்பட வேண்டும் என்று நான் எந்தச் சாமியிடம் போய் வேண்டுவேன்.

ஆக, விற்கக் கூடாது என்பதால்தான் நான் எல்லோருக்கும் சும்மா கொடுத்தேன். ஊர் அதைத் தருமம் என்று நினைத்துக்கொண்டது. முதலில் டீக்கடைக் கலியமூர்த்தி வந்து கல்லாப்பெட்டிச் சாவியைக் கண்டெடுத்தார். கல்லாவை உடைத்து வருஷக்கணக்காகிவிட்டது, பெட்டியைத் தூக்கிப் போட்டாகிவிட்டது, ஆனாலும் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய், அதற்கேற்ற பெட்டி ஒன்று செய்யச் சொல்லி ஆசாரிக்கு முன்பணம் கொடுத்தார். பிறகு தொலைத்தவர்களெல்லாம் வந்தார்கள், தொலைக்காதவர்களும் எதையாவது தொலைத்திருக்க மாட்டோமா என்று வந்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு, கதவையே கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டு ஒரு குடும்பம் வந்தது. பீரோச் சாவி தொலைந்துவிட்டது, அதனால் கணக்குப் புத்தகங்களைக் காட்ட முடியவில்லை என்று நெடுங்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்த கடன் சங்கத்துக்காரர், தன் பீரோச் சாவி என் வயலில் முற்றிக்கொண்டிருக்கிறது என்று கேள்விப்பட்டதும் நெஞ்சுவலி என்று லீவு போட்டுவிட்டார். கோயில் உண்டியல் சாவி எந்தக் கதிரில் இருக்கிறது என்று தெரியாததால் தர்மகர்த்தா ஒரு குடையை விரித்துக்கொண்டு பகல் முழுவதும் வரப்பில் உட்கார்ந்திருந்தார், அவரை நம்பாமல் பூசாரி எதிர் வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

அவசரக்காரர்கள் பச்சையாகப் பறித்துக்கொண்டு போனார்கள். பால் பிடிக்காத சாவி பூட்டுக்குள் போனதும் மெழுகு மாதிரி வளைந்துவிடும். அதனால் நெல்லைக் கடித்துப் பார்ப்பதுபோலச் சாவியைப் பல்லில் கடித்துப் பார்த்துப் பறிக்கிற வழக்கம் வந்தது. கிளிகள் வந்து கொத்திப் பார்த்து, அலகு நோக, மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்து யோசித்தன. மார்கழி பஜனைக்காரர்கள் ஜால்ராவை வீட்டில் வைத்துவிட்டு என் வயலோரமாகவே பாடிக்கொண்டு போனார்கள், காற்று தாளம் போட்டது. புருஷன் மஸ்கட்டுக்குப் போகும்போது பீரோச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான் என்று மேலத்தெரு செல்வமணி வந்து, தன் சாவி முற்றுகிறவரை தினமும் வந்து பார்த்துப் பறித்துக்கொண்டு போனது. மறுநாளே திரும்பி வந்து, அந்தச் சாவியைப் பறித்த கதிரிலேயே நூலால் கட்டிவிட்டது. “அவரு சட்டைதாண்ணே இருந்திச்சு. மடிச்ச மடிப்பு கலையல. வந்து அவரே தொறக்கட்டும்” என்றது.

இதற்கெல்லாம் நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தேன். யாராக இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நின்று, “பக்கிரிசாமிண்ணே, ஒரு சாவி எடுத்துக்கிறேன்” என்று சொல்ல வேண்டும். வயதில் பெரியவர்கள் தம்பி என்று சொல்லலாம். எனக்கு ஆகாதவர்களெல்லாம் வந்து சொன்னார்கள். என் பம்புசெட்டை இரவல் வாங்கிப் பழுதாக்கிக் கொடுத்தவன் சொன்னான். என் பெண்ணுக்கு வந்த வரனைக் கலைத்துவிட்டவன் சொன்னான். அவர்களைக் கொஞ்ச நேரம் வெயிலில் நிறுத்தி, காது கேட்காததுபோல இரண்டாம் தடவையும் சொல்ல வைத்துத்தான் உள்ளே விட்டேன். இப்படி ஊரில் நான் வைத்திருந்த வன்மங்களெல்லாம் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டே வந்து, மார்கழிக் கடைசியில் எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

உத்திராபதி மட்டும் வரவில்லை.

அவன் எதைத் தொலைத்தான் என்று எனக்குத் தெரியும். வயலின் கீழ்க்கோடியில், வடிகாலை ஒட்டி, ஒரு தூரில் ஒரே கதிர், அந்தக் கதிரில் ஒரே சாவி, சாண் நீளத்துக்குக் கருகருவென்று, பாரம் தாங்காமல் தண்டு வளைந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டு வளர்ந்துகொண்டிருந்தது. லஸ்கர் சந்தானம் அதைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்ததை நான் எத்தனை நாள் பார்த்திருக்கிறேன். அது ஷட்டர் சாவி. முதல் நாளே பார்த்துவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. தொலைத்தவன் வந்து வரப்பில் நின்று அண்ணே என்று கேட்கட்டும் என்று அதைச் சுற்றி இரண்டு பனைமட்டையைச் சாத்தி மறைத்து வைத்தேன். தினமும் போய் ஒரு கடி கடித்துப் பார்ப்பேன். தை பிறந்தபோது பல் கூசியது. முற்றிவிட்டது.

தையில் பெய்யக் கூடாத மழை பெய்தது. ஊர் முழுக்க அறுவடைக்கு நின்ற நெல், இன்றைக்கு மிஷின் வரும் நாளைக்கு மிஷின் வரும் என்று காத்திருந்த நெல், மாடு படுக்கிற மாதிரி ஒவ்வொரு வயலாகப் படுத்தது. மேட்டு வயலென்றும் பள்ளத்து வயலென்றும் பார்க்காமல் தண்ணீர் ஏறியது. ஊரே ஒரு தட்டில் வைத்த தண்ணீராக நின்றபோது, செய்தி வந்தது: சேதத்தைப் பார்வையிட மேலிடத்திலிருந்து ஒரு குழு கார்களில் வருகிறது, நாளை மறுநாள் சாத்தம்பள்ளத்துக்கு வருகிறது, தண்ணீரில் நிற்கிற பயிரைக் கண்ணால் பார்த்தால் ஊர் மொத்தத்தையும் பாதிக்கப்பட்ட ஊர் என்று எழுதிவிடும்.

டீக்கடையில் ஊர் கூடியது. திறந்தால் நெல் பிழைக்கும், மூடியிருந்தால் நிவாரணம் வரும். செல்வமணி, “முளைச்ச நெல்ல வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது, நிலத்துக்காரருக்குக் குத்தகை நெல்லுக்குப் பதிலா நிவாரணத்தையா அளக்குறது?” என்று கேட்டது. பிறகு எப்படியும் சாவி இல்லையே, திறப்பதைப் பற்றி எதற்குப் பேச்சு என்று உத்திராபதி சொன்னதும் எல்லோருக்கும் மனது லேசானது. நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

மத்தியானம் குடையைப் பிடித்துக்கொண்டு என் வரப்புக்கு வந்தான். செருப்பைக் கழற்றவில்லை.

“இந்தா.”

“யாரது?”

“அந்த ஷட்டர் சாவி உன் வயல்ல காய்ச்சிருக்கா?”

“தொலைச்சவனுக்குத்தான் தெரியணும்.”

“காய்ச்சிருந்தா எடுத்துடாதே. ரெண்டு நாள் தண்ணி நிக்கட்டும். ஊருக்கே வரும். உனக்குந்தான் வரும். அந்தத் திருப்பூர்ப் பொண்ணு உன் பேர்லயே போடுதாம், சொன்னாங்க.”

“உன் நெல்லு முளைச்சிடும்.”

“முளைக்கட்டுமே. அறுத்துக் காயவச்சு கொள்முதலுக்குக் கொண்டுபோனா ஈரம்ங்கிறான், திரும்பக் காயவச்சா தூசிங்கிறான், சாக்கு இல்லங்கிறான், ராவும் பகலும் குவியலுக்குக் காவல் கிடக்கணும். நிவாரணம்னா வூட்ல உக்காந்திருந்தா வருது.”

அவன் சொன்னதில் தப்பில்லை. நான் இத்தனை காலம் கேட்டது அதுதான்: என் வயல் செத்தது என்று அரசாங்கம் ஒருமுறை என் பெயரைச் சொல்லி ஒத்துக்கொள்ள வேண்டும். சும்மா இருந்தால் போதும், அது நடந்துவிடும். இத்தனை வயதில் உத்திராபதி என்னிடம் கேட்ட முதல் பொருள், ஒரு சாவியை நான் எடுக்காமல் இருப்பது. அண்ணே, எடுத்துடாதேண்ணே என்று கேட்டிருந்தால் நான் அந்த வரப்பிலேயே உட்கார்ந்து அதற்குக் காவல் இருந்திருப்பேன். அவன் ‘இந்தா’ என்றான்.

அவன் போனதும் சவுந்தரத்திடம் சொன்னேன்.

“என்னா பண்ணப்போறீங்க?” என்றாள்.

“கார்த்திகையில நம்ம வயலு சாகுறப்ப இந்த ஊர்ல ஒருத்தன் சாவியத் தேடல.”

“அதனால இவங்களதும் சாவட்டுங்கிறீங்களா?”

“அவன் அதைத்தான் கேக்குறான். அவன் கேட்டு நான் எதைக் குடுத்திருக்கேன்?”

அவள் பூட்டுக்குப் போட எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

பனைமட்டையை விலக்கிச் சாவியைத் திருகிப் பறித்தேன். தண்டு நிமிர்ந்து என் முகத்தில் அடித்தது. வடிகாலுக்கு நடக்கிற வழியில் செல்வமணியின் வயல் ஓரமாகத்தான் போக வேண்டும். படுத்த கதிரைக் கையில் தூக்கிப் பார்த்தேன். ஒன்றிரண்டு மணியில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, பிறந்த குழந்தையின் பல் மாதிரி. அது என்னவோ செய்தது. அதனால் வன்மம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வன்மம் முன்னால் நடந்தது, மற்றது அதன் பின்னாலேயே வந்தது.

பூட்டு ஒரே திருகலில் திறந்தது. சக்கரத்தைச் சுற்றச் சுற்ற ஷட்டர் முனகிக்கொண்டு ஏறியது, தண்ணீர் கயிறு அறுத்த காளைபோலக் கீழே பாய்ந்தது, உத்திராபதியின் தண்ணீர், செல்வமணியின் தண்ணீர், மேற்கே பெயர் தெரியாத ஊர்களின் தண்ணீர் எல்லாம் என் வயல் வழியாக ஓடியது. ஓடுகிறபோது கதிரிலிருந்த சாவிகளையெல்லாம் உருவிக்கொண்டு ஓடியது. தர்மகர்த்தா ஒரு பக்கமும் பூசாரி ஒரு பக்கமும் கூவிக்கொண்டே வடிகால் கரையில் வெகுதூரம் ஓடினார்கள். கடலோரத்தில் வலை போடுகிறவர்கள் இன்றைக்கும் நண்டுக் கொடுக்கில் சாவி சிக்கி வருகிறது என்கிறார்கள். எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு சாவி, கரையேறி என் கால்விரலில் மாட்டிக்கொண்டு கிடந்தது. அதை என் வீட்டுப் பூட்டு எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்தேன், எதிலும் சேரவில்லை. வந்தது இருக்கட்டும் என்று அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டேன்.

குழு வந்தபோது வயலெல்லாம் வடிந்து, நெல்லெல்லாம் வெயில் குடித்துக்கொண்டிருந்தது, இரண்டு வயலில் மிஷினே இறங்கிவிட்டது. கார்க்காரர்கள் இறங்கி, காலில் சேறு படாததில் திருப்தியாகி, ‘வடிகால் வசதி நன்று’ என்று எழுதிக்கொண்டார்கள். ஷட்டருக்குப் பொறுப்பாளர் யார் என்று கேட்டார்கள். மூத்தவர் என்று உத்திராபதியைக் காட்டினார்கள். அவன் ஷட்டரில் கை வைத்துக்கொண்டு நின்றான், போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோ பேப்பரில் வந்தது. அதை வெட்டி வைத்திருக்கிறேன்.

ஊர் அறுத்தது, தூற்றியது, கொள்முதல் நிலையத்தில் சாக்குமேல் உட்கார்ந்து காவல் காத்தது. காவல் காத்த ஒவ்வொரு நாளும் வராமல் போன நிவாரணத்தை நினைத்தது. நினைக்க நினைக்க அது பெரிதாகிக்கொண்டே போனது. டீக்கடைக்கு நான் போனால் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். பம்புசெட்டுக்காரன் எதிரே வந்தால் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அண்ணாந்து வானத்தைப் பார்த்தான். செல்வமணி மட்டும் ஒரு மரக்கால் புதுநெல்லைக் கொண்டுவந்து சவுந்தரத்திடம் கொடுத்துவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு போனது. ஒரு ஊரே சேர்ந்து ஒருவன்மேல் வன்மம் வைப்பது எவ்வளவு உழைப்பு என்று எனக்குத் தெரியும். நன்றாகத்தான் வைத்தார்கள், குறை சொல்ல முடியாது.

மாசியில் கீர்த்தனா மறுபடி வந்தது. என் வயலில் சாவிகள் உதிர்ந்துபோய், வெறும் தாளும் காலியான உமியும் நின்றன. ஒரு கதிரை உள்ளங்கையில் கசக்கி ஊதிப் பார்த்தது, எல்லாம் பறந்தது.

“இதைத்தான் அன்னிக்குச் சாவின்னு சொன்னீங்களாய்யா?”

“இதைத்தாம்மா.”

“எங்க ஊர்ல பதருங்க.” என் முகத்தைப் பார்க்காமல் போனை எடுத்தது. “பதருக்குக் கட்டம் இருக்குதுங்க.”

அப்படியாகச் சாத்தம்பள்ளத்தில் ஒரே ஒருவருக்கு நிவாரணம் வந்தது. அது வந்த அன்றைக்கு ஊர் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தது. ஆனால் என் கணக்கில் ஒன்றும் ஏறவில்லை. அந்தப் பெண் என் பெயரைத்தான் போட்டிருந்தது. எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் பட்டாவைப் பார்த்துத் தானாகத் திருத்திக்கொண்டு முதல் பெயருக்கு அனுப்பிவிட்டது.

நான் போய்க் கேட்கவில்லை. என் வயலில் உளுந்து தெளித்துக்கொண்டு இருந்தேன். பிற்பகலில் உத்திராபதி வந்து வரப்பில் நின்றான். குடை இல்லை. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

“உன் காசை பேங்குல எடுத்துட்டு வந்துட்டேன். வூட்ல அவ அதை வச்சிக்கிட்டுச் சோறு ஆக்கமாட்டேங்குறா. பீரோவுல வச்சுப் பூட்டினேன்.”

“சரி.”

“சாவியக் காணும்.”

“விஏஓகிட்ட குடுத்தியா?”

“நெசமாத்தான். ஊரெல்லாம் தேடியாச்சு. பீரோவை உடைக்கலாம்னா அவ அம்மா வூட்டுச் சீரு, தொடவிட மாட்டேங்குறா.” நிமிர்ந்து என் வயலைப் பார்த்தான். “ஒரு சாவி வேணும்.”

அரைஞாணில் அந்தச் சாவி வயிற்றைத் தொட்டுக்கொண்டு குளிர்ச்சியாக இருந்தது. நான் உளுந்தைத் தெளித்துக்கொண்டே போய், அடுத்த கோடி வரைக்கும் நடந்து, திரும்பி வந்தேன். அவன் அங்கேயே நின்றான்.

“யார்கிட்ட கேக்குறே?” என்றேன்.

ஒரு கொக்கு வந்து இறங்கி, எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றது. அவன் குனிந்து, செருப்பைப் பார்த்துக்கொண்டு, உதடு மட்டும் அசைகிற அளவுக்கு, “பக்கிரிசாமிண்ணே, ஒரு சாவி எடுத்துக்கிறேன்” என்றான்.

கையைக் கழுவிக்கொண்டு அவன் பின்னால் போனேன். வாசலில் நின்று பழகிய கால் வாசலிலேயே நின்றது. பிறகு உள்ளே வைத்தேன். டைல்ஸ் சில்லென்று வழவழப்பாக இருந்தது, என் தென்னைகள் என்னை நன்றாகத்தான் தாங்கின. சாவி பீரோவில் சத்தமே இல்லாமல் திரும்பியது. அவன் எடுத்துக் கொடுத்தான், வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன், அவன் பெண்சாதி காப்பி கொடுத்தது, குடித்தேன்.

ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அவன் அண்ணே என்று சொன்னது எனக்கும் அந்தக் கொக்குக்கும் தவிர வேறு யாருக்கும் கேட்கவில்லை. வேண்டுமென்றேதான் அவ்வளவு மெதுவாகச் சொன்னான். அதை நான் மறக்கப்போவதில்லை.